ஆற்றில் மீன் விட்டால் மீன் குறையுமா?

போன இதழில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓடும் மேடிசன் ஆற்றையும், அதில் வாழும் டிரவுட் என்கிற குளிர்நீர் மீனையும் பற்றி எழுதியபோது, "டிரவுட் தானாகவே முட்டையிட்டுப் பெருகுகிற ஆற்றில் பண்ணை டிரவுட்டைக் கொண்டுபோய் விடாதீர்கள், விட்டால் மீன் குறையும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பற்றித்தான். முப்பது வருடமாக என் மனதில் கிடக்கிற விஷயம் இது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பதிலுக்குப் போகுமுன் இரண்டு சொற்கள். ஆற்றுக் கூழாங்கல்லுக்கு அடியில் முட்டை பொரிந்து, அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்ததை ஆற்றுமீன் என்று சொல்கிறேன். பொரிப்பகத்தில் பிறந்து சிமெண்ட் தொட்டியில் தீவனம் தின்று வளர்ந்தது பண்ணைமீன். இரண்டும் ஒரே இனமாகக்கூட இருக்கலாம்.

*

கேள்வி: பிட்ஸ்பர்க் பக்கம் இருக்கிறோம். இங்கே ஏப்ரல் மாதம் டிரவுட் பருவம் தொடங்கும். அதற்கு முன்பே லாரியில் மீனைக் கொண்டுவந்து ஓடையில் விடுவார்கள். என் பத்து வயது மகன் போன வருடம் தன் முதல் மீனை அப்படித்தான் பிடித்தான். ஆயிரம் மீன் இருக்கிற இடத்தில் ஐந்நூறு விட்டால் ஆயிரத்து ஐந்நூறுதானே? குறையும் என்கிறீர்களே, எப்படி?

பதில்: முதலில் மகனுக்கு என் வாழ்த்து. அவன் பிடித்த மீனில் எந்தக் குற்றமும் இல்லை. பென்சில்வேனியாவில் வருடத்துக்கு 30 லட்சத்துக்கும் மேல் வளர்ந்த டிரவுட்டை விடுகிறார்கள். அவை போய்ச் சேரும் ஓடைகளில் பல, ஜூலை வந்ததும் சூடாகிவிடும். டிரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன், அங்கே கோடையைத் தாண்டாது. அதற்குள் யாராவது பிடித்துக்கொண்டு போகட்டும் என்று விடுகிறார்கள். அந்த மாதிரி ஓடையில் விடுவதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது. என் கவலை, மலையடிவாரத்துக் குளிர் ஓடைகளைப் பற்றி. அங்கே உங்கள் மாநிலத்தின் சொந்த மீனான ப்ரூக் டிரவுட்டோ, ஐரோப்பாவிலிருந்து வந்து நிலைத்துவிட்ட பிரவுன் டிரவுட்டோ தானாகப் பெருகிக்கொண்டிருக்கும். அங்கேயும் லாரி போனால் உங்கள் கூட்டல் கணக்கு தப்பிவிடும்.

ஏன் தப்புகிறது என்றால், ஓடையில் மீனின் எண்ணிக்கையை முடிவு செய்வது இடம். கல்யாணப் பந்தியில் நூறு இலை போட்டிருக்கிறது. இன்னும் ஐம்பது பேரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினால் நூற்றைம்பது பேரா சாப்பிடுவார்கள்? தள்ளுமுள்ளில் இலை கிழியும், உட்கார்ந்திருந்தவர்களும் பாதியில் எழுந்துவிடுவார்கள். டிரவுட்டுக்கு இலை என்பது ஒரு கல்லின் பின்புறம். அங்கே நீரோட்டம் மந்தமாக இருக்கும், ஆனால் ஒரு சாண் தள்ளி ஓடுகிற வேகமான தண்ணீரில் புழுவும் பூச்சியும் மிதந்து வந்துகொண்டே இருக்கும். மீன் கல்லுக்குப் பின்னால் சும்மா நின்று, எட்டிப் பிடித்துத் தின்றுவிட்டுத் திரும்பி வந்து நிற்கும். பெரிய மீனுக்கு நல்ல இடம், சின்னதுக்கு அடுத்த இடம் என்று ஒரு வரிசை இருக்கும். அந்த வரிசை ஒருமுறை படிந்துவிட்டால் சண்டை குறைவு. துடுப்பை விரித்துக் காட்டினாலே போதும், மற்றது விலகிவிடும்.

இதை நம்புவதற்கு மொன்டானாவுக்கே ஒரு சோதனை தேவைப்பட்டது. 1960-களின் கடைசியில் அந்த மாநில மீன்வளத் துறையின் உயிரியலாளர் டிக் வின்சென்ட், மேடிசன் ஆற்றில் மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஆற்று மீனை எப்படி எண்ணுவது என்று கேட்பீர்கள். படகில் ஜெனரேட்டரை ஏற்றி, தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சி, மயங்கி வரும் மீனை வலையில் அள்ளி, அளந்து, துடுப்பில் சின்ன வெட்டு வைத்துத் திரும்ப விட்டுவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி பிடிப்பார்கள். முதல் முறை 100 மீனுக்கு அடையாளம் வைத்து, இரண்டாம் முறை பிடித்த 100-ல் 10 அடையாளத்தோடு இருந்தால், அந்தப் பகுதியில் ஏறக்குறைய 1,000 மீன் என்று கணக்கு.

எனிஸ் என்கிற சிறு ஊருக்கு மேலே வார்னி என்றொரு பகுதி. அங்கே வருடாவருடம் பிடிக்கிற அளவுக்கு வளர்ந்த ரெயின்போ என்ற வகைப் பண்ணை டிரவுட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தினார்கள். அதே சமயம், பக்கத்தில் ஊற்றுநீரில் ஓடுகிற ஓடெல் ஓடையில், அதுவரை பண்ணைமீன் பார்க்காத இடத்தில், மூன்று வருடம் மீன் விட்டுப் பார்த்தார்கள். வார்னியில் ஆற்றில் பிறந்த பிரவுன் டிரவுட் சில ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல் போயிற்று. ஆற்றில் பிறந்த ரெயின்போ அதைவிடப் பல மடங்கு கூடியது. ஓடெல் ஓடையில் பிரவுன் டிரவுட் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நிறுத்திய இடத்தில் கூடியது, விட்ட இடத்தில் குறைந்தது. ஒரு கையால் எடுத்து மறு கையால் போட்டுப் பார்த்த மாதிரி, இரண்டு பக்கமும் ஒரே விடையைச் சொன்ன சோதனை அது. அதனால்தான் அதன் மேல் எனக்கு அத்தனை மரியாதை.

இதை ஏற்றுக்கொள்ள வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தூண்டில் கடைக்காரர்கள், விடுதிக்காரர்கள், துறைக்குள்ளேயே சிலர் என்று எதிர்ப்பு பலமாக இருந்தது. மீன் லாரி வருவது அவர்கள் கண்ணால் பார்க்கிற விஷயம். கல்லுக்கு அடியில் முட்டை பொரிப்பதை யார் பார்க்கிறார்கள்? ஆனாலும் 1974-ல் மொன்டானா தன் ஆறுகளிலும் ஓடைகளிலும் டிரவுட் விடுவதை நிறுத்தியது. அமெரிக்காவில் முதலில் இந்தத் துணிச்சலைக் காட்டிய மாநிலம் அதுதான். இன்றைக்கு உலகெங்கும் இருந்து தூண்டிலோடு ஆட்கள் மேடிசனுக்கு வருகிறார்கள். அவர்கள் பிடிப்பது முழுக்க அந்த ஆற்றிலேயே பிறந்த மீன்.

*

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். பண்ணைமீன் ஆற்றுமீனைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் நன்றாக வாழ்ந்தால் மொத்தத்தில் நஷ்டம் இல்லையே, அக்கா. ஒன்று போய் இன்னொன்று. அதுவும் ஏன் பிழைப்பதில்லை?

பதில்: சரியான கேள்வி. துரத்துகிற மீனும் பிழைப்பதில்லை என்பதுதான் இதில் என்னை வருத்துவது.

பண்ணைத் தொட்டியை ஒருமுறை நின்று பாருங்கள். நீளமான சிமெண்ட் வாய்க்கால். தோளோடு தோள் உரசிக்கொண்டு நூற்றுக்கணக்கில் மீன். கரையில் ஆள் நிழல் விழுந்தால் எல்லாம் மேலே பாய்ந்து வரும், ஏனென்றால் நிழல் வந்தால் தீவனம் விழும். ஆற்றுமீனுக்கு நிழல் என்றால் கொக்கு, மீன்கொத்தி, கழுகு. நிழல் பட்டதும் கல்லுக்கு அடியில் மறைந்துவிடும். பிறந்ததிலிருந்து நிழலை நோக்கி ஓடிப் பழகிய மீனை ஒரு நாள் காலையில் ஆற்றில் கொட்டினால் என்ன ஆகும்?

அதற்கு நிற்கத் தெரியாது. தொட்டியில் வரிசை, இடம் எதுவும் இல்லை, முண்டியடித்தால் கிடைக்கும். ஆற்றிலும் அதையே செய்யும். வேகமான தண்ணீர் நடுவில் நீந்திக்கொண்டே இருக்கும், கண்ட மீனோடெல்லாம் மோதும். ஏற்கெனவே ஒழுங்காக நின்றுகொண்டிருந்த ஆற்றுமீன் விடாமல் சண்டை போட வேண்டியிருக்கும், அல்லது இடத்தை விட்டுப் போகவேண்டியிருக்கும். இரண்டிலும் உடம்பில் சேர்த்த கொழுப்பு கரையும். மொன்டானா மாதிரி இடத்தில், பனிக்காலத்துக்குள் போகும்போது கொழுப்பு இல்லாத மீனுக்கு வசந்தம் இல்லை. பண்ணைமீனில் பெரும்பாலானவை விட்ட சில மாதங்களிலேயே செத்துப்போகும், குளிர்காலத்தைத் தாண்டுவது மிகச் சிலவே.

பண்ணைமீன் விட்ட பக்கத்து மாநில ஓடை ஒன்றில், தெரிந்தவர் பிடித்த மீன்களைச் சமைக்கச் சுத்தம் செய்துகொடுத்தேன். ஒரு மீனின் வயிற்றில் பைன் மரத்துச் சிம்புத் துண்டுகளும் சிறு கற்களும் இருந்தன. தீவன உருண்டை அளவில் மிதந்து வந்ததையெல்லாம் விழுங்கியிருக்கிறது. வயிறு நிறைந்துதான் இருந்தது, முதுகு மட்டும் கத்தி மாதிரி ஒட்டிப்போயிருந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லாரி வருகிற நாள் ஊருக்கே தெரியும். கூட்டம் கூடும். அந்தக் கூட்டத்தின் தூண்டிலில் பண்ணைமீன் மட்டுமா மாட்டும்?

*

கேள்வி: பொள்ளாச்சி, விவசாயக் குடும்பம். நீங்கள் சொல்வது நாட்டுக்கோழி, பிராய்லர் கோழி கதை மாதிரிதான் இருக்கிறது. இரண்டும் கலந்தால் வம்சமே கெட்டுப்போகுமா?

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன், ஐயா. பிராய்லரை மனிதன் வேண்டுமென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தான். டிரவுட் விஷயத்தில் பயமுறுத்துவது, யாரும் வேண்டுமென்று தேர்ந்தெடுக்காமலே அந்த மாற்றம் நடப்பது. தொட்டியில் எது பிழைக்கிறதோ அதுவே அடுத்த தலைமுறைக்குத் தாயாகிறது. தொட்டிக்கு நல்ல மீன் ஆற்றுக்கு நல்ல மீன் அல்ல.

இது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்து ஹூட் ஆற்றில் அளந்திருக்கிறார்கள். ஸ்டீல்ஹெட் என்பது கடலுக்குப் போய்த் திரும்பிவரும் ரெயின்போ டிரவுட். அந்த ஆற்றில் ஏறிவரும் ஸ்டீல்ஹெட்டுகளை ஒரு அணைக்கட்டில் நிறுத்தி, ஒவ்வொன்றிலிருந்தும் மரபணு மாதிரி எடுத்துவைத்தார்கள். எந்த மீனுக்கு எத்தனை பிள்ளைகள் திரும்பி வந்தன என்று தலைமுறைக் கணக்கு போட முடிந்தது. அராக்கி, கூப்பர், பிளவுன் மூவரும் 2007-ல் வெளியிட்ட முடிவு இது: பொரிப்பகத்தில் கழிகிற ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் பிள்ளை பெற்றுப் பிழைக்கவைக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது. ஒரே தலைமுறைக்கு இவ்வளவு! நான் இதை முதலில் படித்த அன்று, அந்தப் பக்கத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன்.

மொன்டானாவின் சொந்த மீன் கட்த்ரோட் டிரவுட். தாடைக்கு அடியில் குங்குமம் தீற்றியது மாதிரி இரண்டு சிவப்புக் கோடு இருக்கும். அதில் மேற்குச் சரிவு இனம் என்றொரு வகை. ரெயின்போ அமெரிக்காவின் பசிபிக் கரைப் பக்கத்து மீன், ரயிலிலும் கோவேறு கழுதையிலும் ஏற்றி மலைகளுக்குள் கொண்டுவந்து விட்டார்கள். கட்த்ரோட்டும் ரெயின்போவும் கூடிக் குஞ்சு பொரித்துவிடும், அந்தக் கலப்பும் மேலும் பெருகும். வடமேற்கு மொன்டானாவில் நடந்த, 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், கட்த்ரோட்டில் ரெயின்போ கலப்பு 20 சதவீதம் ஆனாலே இனப்பெருக்க வெற்றி பாதியாகக் குறைவதைக் கண்டார்கள். கலப்பில்லாத மேற்குச் சரிவு கட்த்ரோட் இன்று, அது ஒரு காலத்தில் வாழ்ந்த பரப்பில் சிறு பகுதியில்தான் இருக்கிறது. பெரும்பாலும் அருவிக்கு மேலே, ரெயின்போ ஏற முடியாத உச்சி ஓடைகளில்.

நாட்டுக்கோழியை உங்கள் வீட்டுக் கொல்லையில் மீண்டும் பெருக்கிவிடலாம். ஒரு ஓடையில் கலந்த ரத்தத்தைப் பிரித்தெடுக்க வழி கிடையாது.

*

கேள்வி: லண்டன். இங்கே ஆறுகளில் மலட்டு டிரவுட்டைத்தான் விடவேண்டும் என்று விதி வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா?

பதில்: வம்சக் கலப்புப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. கருவுற்ற முட்டைக்குச் சற்று நேரத்திலேயே வெப்பமோ அழுத்தமோ கொடுத்தால், இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோமோடு வளரும். அந்த மீனுக்கு முட்டையிட வராது. இங்கிலாந்தில் 2015-க்குள் ஆறுகளில் விடும் பிரவுன் டிரவுட் இப்படி மலடாகவோ, அந்த ஆற்றுத் தாய்மீனின் பிள்ளையாகவோ இருக்கவேண்டும் என்று கொள்கை கொண்டுவந்தார்கள். நல்ல முடிவு. ஆனால் பந்தியில் இலை அதேதான். மலட்டு மீனும் நிற்க இடம் கேட்கும், தின்னும், சண்டை போடும்.

*

கேள்வி: சென்னையில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன், மேடம். பண்ணைமீன் வழியாக நோய் பரவிய உதாரணம் உண்டா?

பதில்: உண்டு, அம்மா. அந்த நோயை நான் கையில் ஏந்தியிருக்கிறேன்.

1992-ல் கணவருக்கு வேலை கிடைத்து மொன்டானாவின் போஸ்மன் நகரத்துக்கு வந்தோம். குன்னூரில் பிறந்தவள் என்பதால் குளிர் புதிதில்லை என்று நினைத்தேன், அது வேறு குளிர். மீன்வளம் படிக்கச் சேர்ந்து, எண்ணும் குழுவில் வலை பிடிக்கப் போனேன். மார்ச் மாதத்து மேடிசனில், ரப்பர் காலுறைக்கு உள்ளே விரல் மரத்துப்போகும். அந்தப் பருவங்களில்தான் எங்களுக்கு ஒன்று புரியாமல் இருந்தது. பெரிய ரெயின்போ இருக்கிறது, பிரவுன் இருக்கிறது, ஒரு வயது ரெயின்போவைக் காணோம். நடுவில் ஒரு தலைமுறையே இல்லாத வீடு மாதிரி. 1994 டிசம்பரில் காரணம் தெரிந்தது: சுழல் நோய்.

மிக்சோபோலஸ் செரிப்ராலிஸ் என்கிற ஒட்டுண்ணி. ஐரோப்பாவில் தோன்றியது, 1950-களில் அமெரிக்காவுக்கு வந்தது. அதன் பிழைப்பே இரண்டு வீடு. செத்த மீனிலிருந்து வித்துகள் சேற்றில் படியும். அதை டியூபிஃபெக்ஸ் புழு தின்னும். புழுவுக்குள் அது முற்றிலும் வேறு உருவமாகி, மூன்று கொக்கி விரித்த மாதிரி தண்ணீரில் மிதந்து வந்து குஞ்சு மீனின் தோலில் குத்திக்கொள்ளும். இந்த இரண்டு உருவமும் ஒரே உயிரி என்பதை வுல்ஃப், மார்கிவ் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-களில்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை இரண்டையும் வெவ்வேறு உயிரி என்றே நினைத்திருந்தார்கள். உங்கள் பாடப் புத்தகத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்.

குஞ்சுக்கு எலும்பு முற்றாமல் குருத்தெலும்பாக இருக்கும்போது இந்த ஒட்டுண்ணி அதைத்தான் தின்னும். தலையும் முதுகும் கோணிப்போகும், நரம்பு அழுந்தும், வால் கறுக்கும். விரல் நீளக் குஞ்சு ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் பார்த்தேன். நேராகப் போக முயன்று முயன்று, தன் வாலையே துரத்துகிற மாதிரி சுழன்றுகொண்டிருந்தது. இரை எதிரே மிதந்தது. குஞ்சால் அதை எட்ட முடியவில்லை.

மேடிசனின் மேல்பகுதியில் ரெயின்போ பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. பிரவுன் டிரவுட் ஐரோப்பாவில் இந்த ஒட்டுண்ணியோடு காலகாலமாக வாழ்ந்த மீன் என்பதால் பெரும்பாலும் தப்பியது. மேடிசனுக்கு நோய் எந்த வழியாக வந்தது என்று நான் யாரையும் கைகாட்ட மாட்டேன். ஆனால் கொலராடோ மாநிலத்தில், நோய் தொற்றிய பொரிப்பக மீன்கள் ஆறுகளுக்குப் போய்ச் சேர்ந்தது பதிவான வரலாறு. நோயுள்ள ஒரு தொட்டி, லாரி போகிற எல்லா ஆற்றுக்கும் நோயைக் கொண்டுபோகும். பண்ணைமீனை விடும்போது மீனோடு அந்தத் தண்ணீரையும் விடுகிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மேடிசனில் ரெயின்போ பிறகு மெல்ல மீண்டது.

*

கேள்வி: சிங்கப்பூர். அப்படியானால் பொரிப்பகங்களையெல்லாம் மூடிவிடச் சொல்கிறீர்களா?

பதில்: இல்லை. மொன்டானாவே மூடவில்லை. அணைத் தேக்கங்களிலும் ஏரிகளிலும் டிரவுட்டுக்கு முட்டையிடக் கூழாங்கல் ஓடை இல்லாத இடங்களில் இன்றும் வருடாவருடம் மீன் விடுகிறார்கள். அங்கே விட்டால்தான் மீன். குடும்பத்தோடு போய்ப் பிடித்துச் சமைத்துச் சாப்பிட அதுவே சரியான இடம், நாங்களும் போயிருக்கிறோம். ஏரியிலும் கண்ணை மூடிக்கொண்டு விடக்கூடாது என்பது வேறு. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையுச்சி ஏரிகளில் பெரும்பாலானவை முன்பு மீனே இல்லாதவை. அங்கே டிரவுட்டை விட்டதில் மஞ்சள்கால் தவளைகள் அழிவின் விளிம்புக்குப் போயின. சில ஏரிகளில் வலை போட்டு டிரவுட்டை முழுக்க எடுத்தபிறகு தவளைகள் திரும்ப வந்தன.

பொரிப்பகத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதுதான் எனக்குப் பிடித்த வேலை. மேடிசனில் வந்து கலக்கும் செர்ரி க்ரீக் என்ற ஓடையில் ஓர் அருவி இருக்கிறது. கீழிருந்து எந்த மீனும் அதைத் தாண்டி ஏற முடியாது. அருவிக்கு மேலே முன்பு மனிதர்கள் கொண்டுபோய் விட்ட அந்நிய டிரவுட்டுகளை 2000-களில் பகுதி பகுதியாக அகற்றிவிட்டு, கலப்பில்லாத மேற்குச் சரிவு கட்த்ரோட்டின் முட்டைகளைக் கொண்டுவந்தார்கள். வளர்ந்த மீனை அல்ல, முட்டையை. ஓடைக் கரையிலேயே வாளி மாதிரியான பொரிப்புக் கலங்களை வைத்து, ஓடைத் தண்ணீரையே அதன் வழியாகப் பாயவிட்டார்கள். குஞ்சு பொரிந்ததும் தானாக நீந்தி ஓடைக்குள் போய்விடும். அது சுவாசித்த முதல் தண்ணீரே அதன் வீட்டுத் தண்ணீர். இன்று அங்கே அந்த மீன் தானாகப் பெருகுகிறது.

சுழல் நோய்க்கு எதிராகவும், ஜெர்மன் பண்ணை ஒன்றில் பல தலைமுறையாக நோயோடு வாழ்ந்து எதிர்ப்புச் சக்தி பெற்ற ஹோஃபர் என்ற ரெயின்போ வகையை வைத்துக் கொலராடோ நோய் தாங்கும் மீனை உருவாக்கியது. பண்ணைமீனால் ஆற்றுக்கு நன்மையும் வரும். எங்கே, எதற்காக, எத்தனை நாளைக்கு என்று கேட்டுவிட்டுச் செய்தால் வரும்.

*

கேள்வி: ஊட்டி. அவலாஞ்சியிலும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து டிரவுட் விட்டார்களே. அதையும் தப்பு என்பீர்களா? நீங்களும் நீலகிரிக்காரர்தானே!

பதில்: நீலகிரிக்காரிதான், அதனால் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் தொடங்கினார்கள். எச்.சி. வில்சன் என்ற மீன்வள அதிகாரி முன்னின்று செய்த வேலை. ரெயின்போ நம் மலையில் ஊன்றியது அப்படித்தான். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அப்பா ஜீப்பில் அங்கே கூட்டிப்போனார். ஈரம் சொட்டுகிற சோலை, அதன் நடுவில் கலகலவென்று தண்ணீர் ஓடும் தொட்டிகள், அதில் அசையாமல் நின்ற புள்ளி போட்ட மீன்கள். நான் இந்தப் படிப்புக்குப் போனதற்கு அந்த ஒரு பிற்பகல்தான் காரணம்.

மேடிசன் கணக்கை அப்படியே நீலகிரிக்குப் போட முடியாது. மேடிசனில் முன்பே ஆற்று டிரவுட் இருந்து, அதன் மேல் பண்ணைமீனைக் கொட்டினார்கள். நம் மலையில் டிரவுட்டே வந்த மீன். அதனால் நம்மிடம் கேட்கவேண்டிய கேள்வி, டிரவுட் வருவதற்கு முன் அந்த ஓடைகளில் இருந்த சின்ன மீன்களும் தவளைகளும் பூச்சிகளும் என்ன ஆயின என்பது. ஒரு ஓடையில் ரெயின்போ இப்போது தானாகவே முட்டையிட்டு நிலைத்திருந்தால், அங்கே மேலும் விடுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். டிரவுட் இல்லாத ஓடையில் புதிதாக விடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அப்பா கூட்டிப்போன அந்த இடத்தின் மேல் எனக்கு எத்தனை பாசம் இருந்தாலும் இதுதான் என் பதில்.

*

கேள்வி: (பிட்ஸ்பர்க் வாசகரின் மகன் ஆங்கிலத்தில் எழுதியதை அப்பா தமிழில் அனுப்பியிருக்கிறார்.) ஆன்ட்டி, நான் பிடிக்கிற மீன் ஆற்றுமீனா, பண்ணைமீனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கண்ணா, துடுப்பைப் பார். முதுகுத் துடுப்பும், செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கிற துடுப்பும். ஆற்றில் பிறந்ததுக்கு அவை விசிறி மாதிரி முழுசாக, ஓரம் நேராக, கண்ணாடி போல இருக்கும். சிமெண்டில் உரசியும் ஒன்றையொன்று கடித்தும் வளர்ந்ததுக்குத் துடுப்பு தேய்ந்து, சுருங்கி, சில சமயம் வெறும் கட்டை மாதிரி இருக்கும். எல்லாப் பண்ணை மீனுக்கும் அப்படி இருக்காது, ஆனால் நிறையவற்றுக்கு இருக்கும். ப்ரூக் டிரவுட்டாக இருந்தால் அடிப்பக்கத் துடுப்பின் முன் ஓரத்தில் பால் வெள்ளைக் கோடு ஒன்று இருக்கும், அதைத் தேடிப் பார்.

தொடுவதற்கு முன் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள். காய்ந்த கை பட்டால் மீன் மேலுள்ள வழவழப்பு போய்விடும், அதற்குக் காய்ச்சல் வருகிற மாதிரி. தேய்ந்த துடுப்பு என்றால், உங்கள் ஊர் விதி அனுமதித்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் மிளகு போட்டு வறுத்துத் தரச் சொல். முழுத் துடுப்பு என்றால் மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காதே. வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு, அது ஓட்டத்தை எதிர்த்து நிற்கிற மாதிரி லேசாகப் பிடித்துக்கொள். ஒரு நிமிடம் உன் கையில் நிற்கும். அப்புறம் ஒரே உதறு, போய்விடும். எந்தக் கல்லுக்குப் பின்னால் போய் நின்றது என்று பார்த்துவைத்துக்கொண்டு, அடுத்த மாதம் போகும்போது அங்கேயே தேடிப் பார். இருந்ததா என்று எனக்கு எழுது.